நெய்த்துளியில் வளர்ந்த நுண்ணுயிர்: ஹாஃப்கின் வாழ்வும் பணியும்

தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்ற நம் பாலாற்றங்கரை ஊர்களுக்கு ஆடும் மாடும் அவற்றின் நோய்களும் புதியன அல்ல. அடைப்பான் கண்டு மாண்ட விலங்கின் தோலை உரிக்கலாகாது, ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும் என்று அணைக்கட்டு முதலிய பகுதிகளின் சிற்றூர் மக்களுக்குக் கால்நடை மருத்துவர் சொல்வதன் காரணம் யாது? அந்நோயின் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல்லாண்டு உயிர்தாங்கிக் கிடக்கும் என்பதே. இவ்வுண்மையை 1876இல் உலகுக்கு மெய்ப்பித்தவர் ஜெர்மானிய மருத்துவர் இராபர்ட் கோக். அவர் அக்கிருமியை வளர்த்தது எதில் தெரியுமா? மாட்டின் கண்ணிலிருந்து எடுத்த தெளிநீரில். கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிரை அறிய வேண்டுமாயின் முதலில் அதற்கு உண்ணக் கொடுத்து வளர்த்தாக வேண்டும். எதை உண்கிறது, எவ்வாறு வளர்கிறது, வளர்ந்தபின் எவ்வடிவம் கொள்கிறது என்பவற்றைக் கொண்டே இன்ன கிருமி என்று பெயரிட இயலும். அவ்வாறு கிருமிக்கு இடும் உணவையே வளர் ஊடகம் என்கிறோம்.

கோக் அடுத்து நாடியது ஜெலாட்டின். அது தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கும் பொருள். நம் பகுதிக்கு அந்நியமானதன்று. ஆனால் மனித உடலின் வெப்பநிலையில் அது உருகிவிடும். சில கிருமிகள் அதனைக் கரைத்து உண்டும்விடும். கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் துணைவியார் ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் பயன்பட்ட அகர் என்னும் கடற்பாசிப் பொருளை 1881ஆம் ஆண்டளவில் பரிந்துரைத்தார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பியவர் வழியே அவர் அறிந்துகொண்ட பொருள் அது. நோன்புத் திறப்பின்போது நம் இல்லங்களில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி உறையவைக்கும் கடற்பாசியும் அவ்வினத்ததே. இன்றளவும் உலகின் ஆய்வகங்களிலெல்லாம் கண்ணாடித் தட்டுகளில் உறைந்து கிடப்பது அதுவே.

இவ்விரு ஊடகங்களோடும் நில்லாமல், ஆட்டிறைச்சிச் சாற்றின்மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டுப் பிளேக் கிருமியை வளர்த்த ஒருவர் நம் நாட்டில் இருபதாண்டுக்கு மேல் பணிபுரிந்தார். வால்டெமார் மோர்டெகாய் ஹாஃப்கின் என்பது அவர் பெயர். இலட்சோபலட்சம் இந்தியர் அவர் செய்த மருந்தைத் தம் கைகளில் ஏற்றுக்கொண்டனர். அவருக்கு இந்நாட்டு அரசு செய்த கைம்மாறு வேறு வகையாக அமைந்தது.

ஹாஃப்கின் 1860 மார்ச் 15ஆம் நாள், உருசியப் பேரரசின் கருங்கடல் துறைமுகமான ஒடெசாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றபோது அவருக்கு ஆசானாக வாய்த்தவர் இலியா மெச்னிகோவ். இரத்த வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கி உடலைக் காப்பதைக் கண்டறிந்து பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அறிஞர் அவரே. மாணவப் பருவத்தில் ஹாஃப்கின் வெறும் ஏட்டுப்புழுவாக இருக்கவில்லை. யூதர் குடியிருப்புகளின்மீது வெறிக்கும்பல்கள் பாய்ந்தபோது தற்காப்பு அணியில் நின்று அடிபட்டார், சிறையும் சென்றார். மெச்னிகோவ் தலையிட்டதால் விடுதலை பெற்றார். உருசியத் திருச்சபையின் சமயத்தைத் தழுவினால் பல்கலைக்கழகப் பதவி கிட்டும் என்ற நிலை இருந்தது. அவர் உடன்படவில்லை. ஒடெசாவின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் சிறு பணியில் சில ஆண்டுகள் கழிந்தன. 1888இல் ஜெனீவாவுக்கும், 1889இல் பாரிசின் பாஸ்டர் நிலையத்திற்கும் சென்றார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேலை நூலகத்தில்தான்! பகலில் நூல்களை ஒழுங்குசெய்வதும் எஞ்சிய பொழுதில் நுண்ணோக்கியின்முன் அமர்வதுமாக வாழ்வைத் தொடங்கினார்.

வாந்திபேதி எனும் காலரா அக்காலத்தில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் ஒருங்கே அச்சுறுத்திற்று. அதன் கிருமியை ஹாஃப்கின் இரு வழிகளில் பண்படுத்தினார். 39 பாகை வெப்பத்தில் காற்றோட்டத்துடன் வளர்த்து ஒருவகையை வலுவிழக்கச் செய்தார். கினிப்பன்றிகளின் உடலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி வளர்த்து இன்னொருவகையின் வீரியத்தைப் பெருக்கினார். முதலில் மெலிந்ததும் பின்னர் வீரியமிக்கதும் என இருமுறை ஊசியேற்றினால் உடல் நோயைத் தாங்கும் ஆற்றல் பெறும் என்பது அவர் கருத்து. 1892 சூலை 18இல் அவர் அதனை முதலில் செலுத்திக்கொண்டது தம் உடலிலேயே. காய்ச்சல் கண்டது, சில நாளில் தணிந்தது. காலராவின் தாயகத்தில் அம்மருந்தை ஆய வேண்டும் என்ற வேட்கையே அவரை 1893இல் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தது.

கல்கத்தாவின் சேரிகளில் முதலில் அவரை வரவேற்றவை கற்கள். வெள்ளைத்தோல் மருத்துவர் ஊசியால் நஞ்சேற்றுகிறார் என்ற பேச்சு பரவியது. அவர் சினங்கொள்ளவில்லை, கூட்டத்தின் நடுவே தம் சட்டையைக் கழற்றித் தமக்கே மீண்டும் ஊசியிடச் செய்தார். 1894இல் காட்டால் பாகான் என்னும் சேரியில் ஏறத்தாழ இருநூறு பேரில் 116 பேர் ஊசியிட்டுக்கொண்டனர். அதன்பின் அங்குக் காலரா கண்டவர் அனைவரும் ஊசியிட்டுக்கொள்ளாதவர்களே. 1895க்குள் நாற்பதாயிரத்திற்கு மேற்பட்டோருக்கு வட இந்தியாவெங்கும் சுற்றி அவர் ஊசியிட்டிருந்தார். மலேரியா தாக்கி உடல் நலிந்து ஒருமுறை ஐரோப்பா சென்றவர், மறு ஆண்டே திரும்பினார்.

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் தோன்றியதை மருத்துவர் அகாசியோ வியேகாஸ் கண்டுரைத்தார். அடுத்த மாதமே அரசு ஹாஃப்கினைப் பம்பாய்க்கு அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் அவருக்கு ஒதுக்கப்பட்டன. துணைக்கு ஓர் எழுத்தரும் மூன்று ஏவலரும். நகரத்தை விட்டு மக்கள் இரயிலேறி ஓடிக்கொண்டிருந்த நாள்கள் அவை. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் புகாமலும் அங்கிருப்போர் அதனைவிட்டு வெளியேறாமலும் இருக்க வேண்டும் என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல் நாம் அறிந்ததே; அதற்கு நேர்மாறாக நடந்தது பம்பாய். ஓடியவர்களோடு நோயும் ஓடிற்று. 1898இல் அது பெங்களூரை எட்டியது. பெங்களூருக்கும் சோலையார்பேட்டைக்கும் இரயில் தூரம் எவ்வளவு என்பது நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோவில்கள் எழுந்தமை அந்நோய் தமிழகத்தை எவ்வளவு அச்சுறுத்தியது என்பதைக் காட்டும்.

பிளேக் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் கண்டறிந்திருந்தார். அதனைப் பெருமளவில் வளர்ப்பது எங்ஙனம் என்பதே ஹாஃப்கின் முன்னிருந்த சிக்கல். ஐரோப்பிய ஆய்வகங்களின் வழக்கம் மாட்டிறைச்சிச் சாறு. பசுவைப் புனிதமெனக் கொள்ளும் இந்துக்கள் அச்சாற்றில் வளர்ந்த மருந்தை ஏற்பரோ? பன்றியின் தொடர்புடைய எதனையும் முஸ்லிம்கள் ஏற்பரோ? தாமே உணவில் விலக்குகள் பேணும் சமயத்திற் பிறந்தவராதலின் இத்தயக்கத்தை அவர் எள்ளி நகையாடவில்லை. ஆட்டிறைச்சியைத் தேர்ந்தார். அதனை நறுக்கி ஐதரோகுளோரிக் அமிலத்திட்டு அழுத்தத்தில் வேகவைத்துச் செரிக்கச் செய்து, பின் காரத்தால் புளிப்பு நீக்கி, வடிகட்டித் தெளிந்த சாறாக்கினார். பெரிய கண்ணாடிக் குடுவைகளில் அச்சாற்றை நிரப்பி, அதன்மேல் சில துளி நெய்யை மிதக்கவிட்டார். நெய்க்கு மாற்றாகத் தேங்காயெண்ணெயும் பயன்பட்டதுண்டு.

ஏன் நெய்? பிளேக் கிருமி காற்றை விரும்புவது. நீரின் மேற்பரப்பில் பற்றிக்கொள்ள ஓர் இடம் கிடைத்தால் அங்கே குடியேறும். மிதக்கும் நெய்த்துளியின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு அது கீழ்நோக்கி நூல் நூலாக வளர்ந்தது. குடுவையை அசைக்காமல் சில நாள் வைத்திருந்தால், ஆலமரக் கிளையிலிருந்து விழுதுகள் இறங்குவதுபோல் வெண்ணிற விழுதுகள் தெளிந்த சாற்றினுள் தொங்குவதைக் கண்ணால் காணலாம். குடுவையை மெல்ல ஆட்டினால் விழுதுகள் அறுந்து பஞ்சுப் பிசிறுகளாய் அடியில் படியும். சாறு மீண்டும் தெளியும். நெய்த்துளியில் புதிய விழுதுகள் முளைக்கும். ஆறு வாரக் காலத்தில் இவ்வாறு அறுவடைமேல் அறுவடை எடுத்தார் ஹாஃப்கின். நம் அடுக்களைப் பொருள் ஒன்று அறிவியல் கருவியாக மாறிய விந்தையை நினைக்குந்தோறும் வியப்பே மிகுகிறது.

இவ்விழுது வளர்ச்சி விளைச்சலுக்கு மட்டும் உதவியதன்று. அடையாளம் காணவும் உதவிற்று. பிற கிருமி ஏதேனும் குடுவையில் புகுந்திருந்தால் சாறு கலங்கும், அல்லது மேலே ஆடை படரும், அல்லது நாறும். தெளிந்த சாற்றில் தொங்கும் விழுது, ஈரம் குறைந்த அகர்மேல் தடவினால் பருத்துச் சிதைந்து தோன்றும் வடிவங்கள், நுண்ணோக்கியில் இரு முனைகளும் சாயம் ஏற்ற குட்டைக் கோல் வடிவம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால் அது பிளேக் கிருமியே எனத் துணியலாம். உப்பு மிகுந்த அகரிலும் இக்கிருமி அவ்வாறே உருமாறும் என்பதை ஆக்ராவில் பணியாற்றிய ஹான்கின் அக்காலத்தில் காட்டினார். ஒரு கிருமியின் இயல்பை அறிய அதனை ஓர் ஊடகத்தில் மட்டும் வளர்த்துப் பார்த்தல் போதாது. விரும்பும் உணவிலும் விரும்பா உணவிலும் வளர்த்துப் பார்த்தல் வேண்டும் என்ற நெறி இங்கே விளங்கும். நம் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் பயிலும் மாணவர் இன்றும் செய்வது அதுவே.

வளர்ந்த கிருமிகளை 65 முதல் 70 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்துக் கொன்று, சிறிது கார்பாலிக் அமிலம் சேர்த்துக் குப்பிகளில் அடைப்பர். கிருமியின் உடலோடு அது சாற்றில் கசியவிட்ட நஞ்சும் மருந்தில் இருக்க வேண்டும் என்பது அவர் துணிபு. மூன்று மாத உழைப்பின்பின் 1897 சனவரி 10ஆம் நாள் தமக்கே 10 கன சென்டிமீட்டர் செலுத்திக்கொண்டார். பின்னாளில் பிறர்க்கு இட்ட அளவினும் பன்மடங்கு மிகுதி அது. கடுங்காய்ச்சலோடும் கைவலியோடும் பணியைத் தொடர்ந்தார். அம்மாத இறுதியில் பைகுல்லா சிறையில் பிளேக் புகுந்தது. கைதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் தாமே முன்வந்து ஊசியிட்டுக்கொண்டனர். ஊசியிட்ட நாளிலேயே நோய் வெளிப்பட்டவர்களை நீக்கிக் கணக்கிட்டதில், ஊசியிடாதவர்களில் 12 பேர் நோயுற்று 6 பேர் இறந்தனர். ஊசியிட்டவர்களில் 2 பேர் நோயுற்றனர், எவரும் இறக்கவில்லை. மறு ஆண்டு பரோடா நாட்டின் உந்தேரா என்னும் சிற்றூரில் குடும்பந்தோறும் ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு ஊசியிட்டுப் பார்த்தார். ஊசி பெற்ற 71 பேரில் மூவரும், பெறாத 64 பேரில் 26 பேரும் இறந்தனர். ஒரே கூரை, ஒரே உணவு, ஒரே எலிகள். வேறுபாடு ஊசி ஒன்றே.

அக்காலத்தில் பிளேக் தடுப்பென்ற பெயரில் அரசு மேற்கொண்ட கெடுபிடிகள் மக்களை நோயினும் மிகுதியாக வதைத்தன. வீடுகளில் படைவீரர் புகுந்தனர், பெண்டிரைச் சோதித்தனர், உறவினரைப் பிரித்து முகாம்களுக்குக் கொண்டு சென்றனர். புனேயில் 1897 சூனில் பிளேக் அதிகாரி இராண்ட் சுடப்பட்டதும், 1898 மார்ச்சில் பம்பாயில் முஸ்லிம் நெசவாளர் பகுதியில் கலவரம் மூண்டதும் இதனாலேயே. ஹாஃப்கினோ ஊசியை எவர்மீதும் திணிக்கலாகாது என்ற கொள்கையினர். விரும்பி வருவோர்க்கே இட்டார். அவ்விருப்பத்தை உண்டாக்கியதில் முன்னின்றவர் இசுமாயிலி முஸ்லிம்களின் தலைவரான மூன்றாம் ஆகாகான் சுல்தான் முகம்மது ஷா. அப்போது அவர்க்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை. தம் மக்கள் காண, ஒருமுறையன்று பலமுறை தமக்கு ஊசியிடச் செய்தார். குஷ்ரு லாட்ஜ் என்னும் தம் மாளிகையை ஆய்வகத்திற்கு அளித்தார். கோஜா சமுதாயத்தார் ஆயிரக்கணக்கில் முன்வந்தனர். யூதர் ஒருவர் சமைத்த மருந்தை ஒரு முஸ்லிம் தலைவர் முதலில் ஏற்றுத் தம் மக்களைக் காத்த இந்நிகழ்ச்சி நம் பெரியவர்கள் இளைஞர்க்கு எடுத்துச் சொல்லத்தக்கது.

1899 ஆகஸ்டில் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு ஆய்வகம் மாறியது. பிளேக் குறித்து ஆய்ந்த அரசுக் குழு, மருந்தின் அளவு சீராக இல்லை எனக் குறை கூறினாலும், ஊசி நோயையும் இறப்பையும் குறைக்கிறது என ஒப்புக்கொண்டது. குறையில் உண்மை இல்லாமல் இல்லை. குடுவைக்குக் குடுவை விளைச்சல் வேறுபட்டதே.

1902இல் பஞ்சாப் அரசு பேரளவில் ஊசியிடத் திட்டமிட்டது. ஆறு வாரம் காத்திருக்கும் பழைய முறை அத்தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. எனவே அகர்மேல் கிருமியை விரைவாக வளர்த்து உப்புநீரால் கழுவி எடுக்கும் புதுமுறையை ஹாஃப்கின் கைக்கொண்டார். கார்பாலிக் அமிலம் சேர்ப்பதையும் விட்டார். அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபின் மல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசியிடப்பட்டது. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து அவர்களில் 19 பேருக்குத் தாடை இறுகியது. உடல் வில்லாய் வளைந்தது. அது டெட்டனஸ் எனும் இசிவு நோய். பத்தொன்பதின்மரும் மாண்டனர். அனைவரும் 53 என் என்ற எண்ணுடைய ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்றவர்கள். மற்றக் குப்பிகளிலிருந்து பெற்ற 88 பேர்க்கு ஒரு தீங்கும் இல்லை.

டெட்டனஸ் கிருமி, அடைப்பான் கிருமியைப் போல் வித்தாகி மண்ணிலும் சாணத்திலும் கிடப்பது. காற்றில்லா இடத்தில் வளர்வது. அது குப்பிக்குள் புகுந்தது பம்பாய் ஆய்வகத்திலா, மல்கோவால் மண்ணிலா? வழக்கு முழுவதும் இவ்வொரு வினாவில் அடங்கியது. பம்பாய்த் தலைமை நீதிபதி இலாரன்சு ஜென்கின்சு தலைமையில் அமைந்த குழு, குப்பியைத் திறப்பதற்கு முன்பே மாசு நேர்ந்தது என முடிவு கூறிற்று. புதுமுறையும் கார்பாலிக் அமிலத்தை விட்டமையும் குற்றங்களாயின. ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டு, 1904இல் இந்தியாவை விட்டு நீங்கினார். பத்தொன்பது உயிர்கள் போயின என்பது சிறிய செய்தியன்று; அவற்றின் பழி யாரையேனும் சாரத்தான் வேண்டும். ஆனால் எங்கோ தொலைவில் இருந்த அயல்நாட்டு யூதர்மேல் அதனைச் சுமத்துவது அதிகாரிகளுக்கு எளிதாக இருந்தது என்றே எமக்குத் தோன்றுகிறது.

சான்றுகள் வேறு கதை கூறின. குப்பியைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதனை நெருப்பில் காட்டாமல் கார்பாலிக் நீரில் நனைத்ததோடு அவர் மீண்டும் பயன்படுத்தினார். அந்நீர் சில நொடியில் டெட்டனஸ் வித்தைக் கொல்ல வல்லதன்று. மேலும், பம்பாயிலேயே கிருமி புகுந்திருந்தால் மூடிய குப்பிக்குள் பல நாள் பெருகிக் கெட்ட நாற்றம் எழுந்திருக்கும். திறந்தபோது நாற்றம் எதுவும் இல்லை. நஞ்சு முன்பே குப்பியில் திரண்டிருந்தால் நோய் விரைந்து தாக்கியிருக்கும். ஒரு வாரம் சென்றே தாக்கியமை, ஊசியிட்டபின் உடலுக்குள் கிருமி வளர்ந்ததையே காட்டும். மலேரியா ஆய்வால் புகழ்பெற்ற இரொனால்டு இராஸ் இதனைக் கையிலெடுத்தார். 1907 சூலையில் அவர் உள்ளிட்ட அறிஞர் பதின்மர் கையொப்பமிட்ட மடல் இலண்டன் டைம்ஸ் இதழில் வெளிவந்தது. பிரான்சில் பொய்க்குற்றம் சுமத்தப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டு அலைக்கழிக்கப்பட்ட யூதப் படையதிகாரி டிரைஃபஸ், 1906இல்தான் விடுவிக்கப்பட்டிருந்தார். இரண்டையும் ஒப்பிட்டுப் பலர் பேசினர். அவ்வாண்டு இறுதியில் அரசு ஹாஃப்கினைப் பழியினின்று நீக்கி மீண்டும் இந்தியாவுக்கு அழைத்தது.

அழைத்தது உண்மை, பழைய இடத்தைத் தரவில்லை. பரேல் ஆய்வகத்தில் வேறொருவர் அமர்ந்திருந்தார். ஹாஃப்கினுக்குக் கல்கத்தாவில் பதவி அளிக்கப்பட்டது. புதிய தடுப்பு மருந்துகளை மக்களிடம் ஆய அவர் விடுத்த வேண்டுகோள்கள் ஏற்கப்படவில்லை. 1914இல் ஓய்வுபெற்று ஐரோப்பா திரும்பினார். அவர் இல்லாமலே அவர் மருந்து நாடெங்கும் சென்றுகொண்டிருந்தது. 1897 முதல் 1925 வரை பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட பிளேக் தடுப்பு மருந்து 2 கோடியே 60 இலட்சம் ஊசிகளுக்குரிய அளவு எனக் கணக்கிடுவர். 1925இல் பரேல் ஆய்வகத்திற்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் சூட்டப்பெற்றது. 1964இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய தபால் தலையை வெளியிட்டது.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. முதுமையில் பிரான்சில் தனித்து வாழ்ந்தார். தம் முன்னோரின் சமய நெறிகளை நுணுகிப் பேணினார். அறிவியல் அறிந்தவர் சமய ஒழுக்கத்தைக் கைவிட வேண்டுவதில்லை என 1916இல் கட்டுரை ஒன்றும் வரைந்தார். 1929இல் தம் சேமிப்பையெல்லாம் திரட்டி ஓர் அறக்கட்டளை நிறுவினார். கிழக்கு ஐரோப்பாவின் யூத வேதபாடசாலைகளில் பயிலும் வறிய மாணவர், வேதக் கல்வியோடு அறிவியலும் கைத்தொழிலும் கற்க உதவுவதே அதன் நோக்கம். தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு பள்ளிகளும், வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி போன்ற நிறுவனங்களும் எழுப்பிய நம் வட்டாரப் பெருமக்களுக்கு இந்நோக்கம் நன்கு விளங்கும். அறக்கட்டளை நிறுவிய மறு ஆண்டு, 1930 அக்டோபர் 26ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஹாஃப்கின் காலமானார்.